வருகைக்குத் தயாராகும் நேரம்

முதியோர் யாருக்கும் பல்லாங்குழி பிடிக்காது, பூர்ணிமா மேடம். இதை உங்கள் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டால் நல்லது. எங்கள் முதியோர் இல்லத்துக்கு நன்கொடை தர வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பல்லாங்குழிப் பலகையோடு வந்து நிற்கிறார்கள். அலமாரியில் இடம் போதாமல், அதில் ஒன்றைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதபடி உதவியாளர் அஞ்சலாட்சி முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். சோழியைப் பார்த்ததும் வயசானவர்கள் பூரித்துப்போவார்கள் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

விசாரணைக் குழு என்று பெரிய பெயர் போட்டுக் கூப்பிட்டாலும், எதிரில் உட்கார்ந்திருப்பது நீங்கள் ஒருவர்தான் என்பதில் எனக்குச் சந்தோஷம். எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே. என்ன நடந்தது, ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். நான் அழுவேன் என்று நினைத்துத் தண்ணீரும் டிஷ்யூ பேப்பரும் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதெல்லாம் வேண்டியிருக்காது.

கருவடிக்குப்பத்தில் இருக்கும் இந்த இல்லத்துக்கு வருவதற்கு முன்னால் நான் நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடுவேன். அதைக் கேட்டுத்தான் நிர்வாகி பிரகாசம் சார் என்னைக் கூப்பிட்டு, காலாப்பட்டில் நீங்கள் நடத்தும் பயிற்சிக்கு அனுப்பினார். 'ஆக்டிவிட்டி டைரக்டர்' என்று பதவியைச் சொன்னதும் என் அண்ணன், "எந்தப் படத்துக்கு?" என்று கேட்டான். பயிற்சி முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததும் பிரகாசம் சார் அதற்குச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். "எங்ககிட்ட முறையாப் படிச்ச டைரக்டர் இருக்காங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவர் வாய் ஓயவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெயரை ஒருத்தர் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார் என்று எனக்கும் பெருமைதான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

பயிற்சியில் ஒரு மத்தியானம் எங்களை எல்லாம் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டுப் போய்விட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எப்போது வருவீர்கள் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரத்திலேயே பக்கத்தில் இருந்த பெண் அழுதேவிட்டாள். அப்புறம் நீங்கள் எட்டிப் பார்த்து, "இப்ப டீ வரும், அதுவரைக்கும் இப்படியே இருங்க" என்றீர்கள். அதே நாற்காலி, அதே சுவர்தான். ஆனால் எல்லாரும் முடியை ஒதுக்கிக்கொண்டோம், ஒருத்தரோடு ஒருத்தர் பேச ஆரம்பித்தோம். "பாத்தீங்களா, மனுஷனுக்கு எதிர்பாக்க ஒண்ணு வேணும்" என்றீர்கள். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அந்த டீ எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவே இல்லை.

இல்லத்தில் முதல் சில மாதங்கள் எனக்குத் தோல்விதான். பந்து உருட்டினோம். பழைய பாட்டுப் போட்டோம். கூடத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் தூங்கினார்கள். சாமிக்கண்ணு ஐயா என்று ஒருவர், வில்லியனூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர். வாழைப்பழப் படத்துக்கு வண்ணம் அடிக்கச் சொன்னேன். பென்சிலை என் மடியிலேயே திருப்பிப் போட்டுவிட்டு, "ஏம்மா, என்னப் பாத்தா பால்வாடிப் புள்ளையாட்டம் தெரியுதா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் சான்றிதழைப் புதுப்பிக்க நீங்கள் ஆய்வுக்கு வரும்போது, எத்தனை பேர் பங்கேற்கிறார்கள் என்பதைத்தானே முதலில் பார்ப்பீர்கள்? சமையல்காரரையும் சேர்த்து உட்காரவைத்தால்கூடக் கூடம் நிரம்பாது போலிருந்தது.

அந்த சாமிக்கண்ணு ஐயாதான் எனக்கு வழி காட்டினார். ஒருநாள் அவர் மகன் செல்வகுமார் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். போய்ச் சொன்னேன். படுத்துக்கிடந்த மனிதர் எழுந்து உட்கார்ந்தார். சவரம் செய்யச் சொன்னார். வேட்டியைத் தேய்த்து வாங்கினார். கைத்தடியைத் தட்டிக்கொண்டு வராந்தாவில் மேலும் கீழும் நடந்தார். அந்த ஞாயிறு மகன் வரவில்லை. ஐயா உடைந்துபோவார் என்று பயந்து, "வேலை வந்துடுச்சாம், அடுத்த வாரம் வர்றாராம்" என்று சொல்லிவைத்தேன். அடுத்த வாரமும் நடந்தார். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ஒருநாள் செல்வகுமார் நிஜமாகவே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டு, "வரட்டாப்பா" என்று கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் சாமிக்கண்ணு ஐயா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "வந்துட்டுப் பூட்டான்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் அவர் திரும்பவே இல்லை. அந்த மாதமே போய்விட்டார். மகன் வரப்போகிறான் என்று இருந்தவரை ஆள் நன்றாக இருந்தார், வந்ததும்தான் படுத்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன். நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், நான் அவர் கை காலைத் துடைத்துவிட்டவள்.

அதற்குப் பிறகுதான் கால அட்டவணையில் 'வருகைக்குத் தயாராகும் நேரம்' என்று ஒன்றைச் சேர்த்தேன். ஒவ்வொருவரிடமும் போய், உங்க பொண்ணு வருது, உங்க பேரன் வர்றான் என்று சொல்வேன். வருகிறவர்களுக்குக் கொடுக்க முறுக்கு பிழிந்தோம். அது விரல்களுக்குப் பயிற்சி. புடவை மடித்தோம், அது தோளுக்கு. வாசல் வரை நடந்து பார்த்துவிட்டு வருவது காலுக்கு. வந்தவர்களிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பேசிப் பார்த்துக்கொண்டோம், அது ஞாபக சக்திக்கு. நீங்கள் கற்றுக்கொடுத்த எல்லாமே அதில் இருந்தது. கூடம் நிரம்பி வழிந்தது.

நிஜமாகவே யாராவது வந்துவிட்டால்தான் சிக்கல். ஆகவே குடும்பத்தாருக்குப் போன் செய்து, "நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு மூணு நாளைக்கு ரொம்ப ஏங்கிப்போயிடறாங்க. கொஞ்ச நாளைக்கு வராம இருந்தா அவங்களுக்கு நல்லது" என்று சொன்னேன். இப்போது எல்லாரும் என்னைப் பேய் என்கிறார்கள். அன்றைக்கு ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை, மேடம். "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரிதான்" என்றார்கள். உழவர்கரையில், ஆட்டோவில் வந்துபோகிற தூரத்தில் இருக்கும் ஒரு மகள், "தேங்க்ஸ் மேடம்" என்றாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அந்த மகளை எந்தக் குழு விசாரிக்கப்போகிறது?

இனி அந்தோணிமேரி அம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சொல்தா வீடு என்று சொல்வோமே, அப்படிப்பட்ட குடும்பம். ஒரே மகன் ரெக்ஸ் பாரிசுக்குப் பக்கத்தில் வேலையில் இருக்கிறார். அம்மாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து எங்களிடம் வந்தார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் காலைத் தரையில் வைக்க மாட்டேன் என்றார். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பையனே கைவிட்டுவிட்டான். நான் போய் உட்கார்ந்து, ரெக்ஸ் ஈஸ்டருக்கு வருகிறார், அம்மா நிற்பதைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொன்னேன். அந்த வாரமே நின்றார்.

ஈஸ்டர் போனது. மாதா திருநாளுக்கு என்றேன். அதுவும் போனது. ஆனால் அதற்குள் அவர் பட்டுப்புடவை கட்டி, முத்துத் தோடு போட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு, நடைவண்டியைப் பிடித்தபடி வாசல் வரை போய்வர ஆரம்பித்திருந்தார். வழியில் யாராவது அழகா இருக்கீங்கம்மா என்றால், தலையைச் சாய்த்து "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். ஆய்வுக்கு வந்த அன்று நீங்கள் அதைப் பார்த்துக் கண் கலங்கினீர்கள். போனில் படம் எடுத்தீர்கள். அந்தப் படத்தைத்தான் இன்றைக்கும் வகுப்பில் காட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என் சான்றிதழைப் புதுப்பித்ததோடு விடாமல், உங்கள் அடுத்த வகுப்பு மாணவிகளை எங்கள் இல்லத்துக்கே பயிற்சிக்கு அனுப்புவதாகவும் சொன்னீர்கள். நானும் அதே மாதிரிப் படங்களை ரெக்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். போனில் பேசினால் அம்மாவுக்குப் படபடப்பு வருகிறது, அதனால் படமே போதும் என்று சொல்லியிருந்தேன்.

படம் பார்த்தே அவர் கிளம்பி வந்துவிட்டார். கல்லறைத் திருநாளுக்கு அப்பாவின் கல்லறைக்குப் போக வேண்டும், அம்மாவையும் பார்க்க வேண்டும் என்று லீவு எடுத்துக்கொண்டு, முன்கூட்டிச் சொல்லாமல், கொட்டுகிற மழையில் வாசலில் வந்து நின்றார். உங்கள் மாணவிகள் பயிற்சிக்கு வந்திருந்த வாரம் அது.

"அம்மாவுக்கு சர்ப்ரைசா இருக்கட்டும்னுதான் சொல்லாம வந்தேன் மேடம்" என்றார். நல்ல மனிதர். குடையைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் ஒரு பக்கத் தோள் முழுக்க நனைந்திருந்தது.

இல்லத்தில் விஷக்காய்ச்சல், வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்றேன். அவர் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. கொரோனா சமயத்தில் அவருடைய மாமியாரையும் பாரிசுப் பக்கம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தார்களாம். "ரூல்னா ரூல்தான் மேடம். அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். வெள்ளைக் கோட்டு போட்ட உங்கள் மாணவிகள் உள்ளே போவதைப் பார்த்து அவர்கள் யார் என்று கேட்டார். ஸ்டாஃப் என்றேன். மழைக்கு நல்லது என்று சொல்லி, அம்மாள் உட்காரும் நாற்காலியை வாசல் பக்கமிருந்து பின் வராந்தாவுக்கு மாற்றினேன். பிரகாசம் சார் முதியவர்கள் விஷயத்தையெல்லாம் என்னிடமே விட்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. நான்தான் செய்தேன், நான் மட்டும்தான்.

ரெக்ஸ் உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் வந்தார். தினமும் நான் வாசலுக்குப் போய்ப் பேசி அனுப்பினேன். அஞ்சலாட்சி பின்னாலேயே வந்து, "யக்கா, பாவம்க்கா. ஒரு நிமிசம் வுட்டுடுக்கா" என்றாள். ஒரு நிமிடத்துக்கு அப்புறம் என்ன ஆகும் என்று அவளிடம் கேட்டேன்.  அவளுக்கு அழுகை மட்டும்தான் தெரிந்தது.

ஒருநாள் ரெக்ஸ், "அம்மா கொரலையாவது கேக்கலாமா?" என்றார். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. கூடத்துக்குப் போய் வாசல் பக்கத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மாதா பாட்டு ஒன்றை எடுத்துக்கொடுத்தேன். அந்தோணிமேரி அம்மாளுக்கு உச்சக் குரல், எல்லாரையும் தாண்டிக் கேட்கும். நான் திரும்பப் போனபோது ரெக்ஸ் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "கேட்டீங்களா, எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் எனக்கு நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அதற்கு மறுநாள் மத்தியானம் அம்மாள் பின் வராந்தா நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துவிட்டார். இருதயம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். வயதும் அப்படி. பட்டுப்புடவையில் இருந்ததால் அடக்கத்துக்கென்று தனியாக உடுத்த வேண்டியிருக்கவில்லை. அஞ்சலாட்சி ஓடிப்போய் கேட்டைத் திறந்துவிட, ரெக்ஸ் உள்ளே வந்தார். காய்ச்சல் வந்த இல்லத்தில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். அஞ்சலாட்சி மிச்சத்தைச் சொல்லிவிட்டாள். அவர் என்னை அடிக்கவில்லை, கத்தவுமில்லை. அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அம்மா காலில் இருந்த செருப்பைக் கழற்றினார். பிறகு அவர் எழுதியதுதான் உங்களிடம் புகாராக வந்திருக்கிறது.

இதில் தப்பு எங்கே என்று நீங்கள் சொல்லுங்கள். படுக்கையில் புண்ணாகிக் கிடக்க வேண்டியவர் நடந்தார், பாடினார், பட்டுக் கட்டினார். அவர் இருந்த நாளெல்லாம் என் புண்ணியத்தில் இருந்தார். மகன் வந்து நாலு நாள் உட்கார்ந்து அழுதுவிட்டு விமானம் ஏறியிருப்பார். அதன் பிறகு அம்மாள் சுவரைப் பார்த்துப் படுப்பதை யார் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பார்கள்? நான்தானே? என் சான்றிதழை ரத்து செய்யப் போகிறீர்கள் என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது. செய்யுங்கள். ஆனால் அந்தப் படத்தையும் வகுப்பில் காட்டாதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ரெக்ஸுக்கும் தெரியாது, அஞ்சலாட்சிக்கும் தெரியாது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எதையும் மறைத்தேன் என்று பேர் வேண்டாம்.

பாட்டு பாடிய அன்று சாயங்காலம் அம்மாளை அறைக்குக் கூட்டிப்போனேன். தோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, என் கன்னத்தைத் தொட்டார்.

"ரெக்சு வரமாட்டான் பொண்ணே. எனக்குத் தெரியும்" என்றார்.

"ஏம்மா அப்படிச் சொல்றீங்க?"

"ஈஸ்டருக்கே தெரிஞ்சுபோச்சு. அவனுக்கு அவன் புள்ளைங்க, அவன் வேலை. பெத்தவள மறந்துட்டான், பரவால்ல, நல்லா இருக்கட்டும். நீதான் தெனம் ஓடியாந்து வர்றாரு வர்றாருன்னு சொல்ற. படிக்கிற பொண்ணுங்க வேற வந்துகீறாங்க. நான் பொடவ கட்டலன்னா ஒன் மொகம் வாடிப்பூடும். அதான் கட்றேன்."

வயசானவர்கள் சில நேரம் இப்படி எதையாவது பேசுவார்கள். அதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவர் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எதிர்பார்க்காமல் ஒரு மனுஷி அத்தனை மாதம் எழுந்து நடக்க முடியாது. எனக்காக நடந்தார் என்பதெல்லாம் சும்மா. உங்கள் மகன் வாசலில்தான் இருக்கிறார் என்று அப்போது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ரெக்ஸின் உறவினர் வீட்டு நம்பர் என் போனில் இருந்தது. சொல்லவில்லை. மறுநாள் உங்கள் மாணவிகளுக்குக் கடைசி நாள், அம்மாள் நடப்பதை அவர்கள் வீடியோ எடுப்பதாக இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அம்மாளுக்கு நம்பிக்கை குறைகிறது என்று தெரிந்ததால், வழக்கம்போல இந்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லாமல், மறுநாள் காலையில் நேராகப் போய், "அம்மா, ரெக்ஸ் இன்னைக்கு வர்றாரு" என்றேன்.  "சரி பொண்ணே, பொடவய எடு" என்றார். கட்டிவிட்டேன். மாணவிகள் கைதட்ட, பின் வராந்தா வரை நடந்துபோய் உட்கார்ந்தார்.

ரெக்ஸ் அன்றைக்கு வந்தாரா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். அதனால் மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அன்றைக்கு நான் அவரிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.